ஒரே குண்டு பல்புக்கு 64 ஓமா, 882 ஓமா? மின்தடை, மின்திறன் கணக்கில் ஒரு ஐயம்

கேள்வி: அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கொண்டு மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடும் பகுதியை இந்த முறை கரும்பலகைக் கணக்குகளோடு நிறுத்திக்கொள்ளாமல், மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் கொண்டு நடத்த விரும்பினேன். அதற்காக 230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடி எடுத்தேன்.

முதலில் தாளில் கணக்கிட்டேன். மின்திறன் என்பது மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருகி வருவது. ஆகவே 60-ஐ 230-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 0.26 ஆம்பியர். 230 வோல்ட்டை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஏறக்குறைய 882 ஓம். இதை நேரில் சரிபார்ப்பதற்காக, எந்த இணைப்பும் இல்லாமல் மேசைமேல் இருந்த அந்தப் பல்பின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்தபோது, அது 64 ஓம் என்று காட்டியது. வேறொரு மல்டிமீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டியது.

64 ஓம் உண்மையென்றால் 230 வோல்ட்டில் அந்தப் பல்பு 3.6 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்க வேண்டும். அதன் திறன் 826 வாட் ஆக வேண்டும். ஒரு குண்டு பல்பு ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு மின்சாரம் எடுப்பதில்லை என்பது எவருக்கும் தெரியும். அப்படியானால் எந்த எண் சரி? மல்டிமீட்டர் தவறா, சூத்திரம் இங்கே பொருந்தாதா? மாணவர்கள் இதையே கேட்டால், "பல்பு ஓம் விதிக்கு உட்படாதது" என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. காரணத்தோடு விளக்கக்கூடியவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1: மின்னிழை

வணக்கம் அம்மா. இரண்டு எண்களுமே சரி. உங்கள் மல்டிமீட்டரும் நன்றாகவே இருக்கிறது. 64 ஓம் என்பது அறை வெப்பநிலையில் இருக்கும் டங்ஸ்டன் இழையின் மின்தடை. 882 ஓம் என்பது அதே இழை ஏறக்குறைய 2,400 டிகிரி செல்சியஸில் வெண்மையாக ஒளிரும்போது இருக்கும் மின்தடை. மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஓம் விதியைச் சொல்லும்போது பாடநூல்கள் தொடக்கத்திலேயே "மாறா வெப்பநிலையில்" என்ற நிபந்தனையை வைக்கின்றன. மாணவர்கள் பெரும்பாலும் மனப்பாடமாக ஒப்பித்துக் கடந்துபோகும் அந்தச் சொற்கள்தாம் உங்கள் கேள்விக்கு விடை.

உலோகத்தைச் சூடாக்கினால் அதன் அணுக்களின் அதிர்வு மிகுந்து, எலக்ட்ரான்களின் போக்குக்கு ஏற்படும் தடை கூடுகிறது. அறை வெப்பநிலையை ஒட்டி டங்ஸ்டனின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.45 விழுக்காடு உயர்கிறது. ஒரு டிகிரிக்கு இது சிறிய அளவாகத் தோன்றினாலும், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட டிகிரிகள் ஏறும்போது மின்தடை பத்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. உங்கள் பல்பில் 882-ஐ 64-ஆல் வகுத்தால் கிடைக்கும் 13.8 என்ற விகிதம், டங்ஸ்டன் இழைக்கு எதிர்பார்க்கக்கூடியதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்த 0.45 விழுக்காட்டை அப்படியே வைத்துக்கொண்டு இழையின் வெப்பநிலையைத் திருப்பிக் கணக்கிட்டால் 2,800 டிகிரிக்கு மேல் வந்துவிடும். சராசரி வீட்டுப் பல்பின் இழை அவ்வளவு சூடாவதில்லை. வெப்பநிலை உயர உயர மின்தடை நேர்கோட்டைவிடச் சற்று வேகமாக ஏறுவதால்தான் அந்தப் பிழை நேர்கிறது. எனவே இந்த முறையை வெப்பநிலையின் தோராயத்துக்கு மட்டும் வகுப்பில் காட்டலாம். துல்லியமான அளவு என்று சொல்ல வேண்டாம். டங்ஸ்டன் உருகுவது 3,422 டிகிரியில் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பல்பின் இழைக்கு அந்த உலோகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மாணவர்களுக்குப் புரியும்.

நீங்கள் கணக்கிட்ட 3.6 ஆம்பியரும் வெறும் கற்பனை எண் அன்று. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இழை குளிர்ந்துதான் இருக்கிறது. ஆகவே அந்த அளவு மின்னோட்டம் உண்மையாகவே பாய்கிறது. நம் வீட்டு மாறுமின்னோட்டத்தின் உச்ச மின்னழுத்தம் ஏறக்குறைய 325 வோல்ட் என்பதால், சுவிட்ச் போடும் நேரம் அந்த உச்சத்தோடு ஒன்றிவிட்டால் 5 ஆம்பியர்வரைகூடப் போகலாம். ஆனால் அந்த மின்னோட்டமே இழையைச் சூடாக்கி, சூடு மின்தடையை உயர்த்தி, விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் மின்னோட்டத்தை 0.26 ஆம்பியருக்கு இறக்கிவிடுகிறது. பழைய குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, சுவிட்ச் போடும்போது "பட்" என்று போவது அதிகம் என்பதைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பார்கள். இழையின் தேய்ந்து மெலிந்த இடம் அந்தத் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்க முடியாமல் அறுந்துபோவதே அதற்குக் காரணம்.

ஆக, மாணவர்களிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வரும் மின்தடை, அந்த இரு அளவுகளும் எடுக்கப்பட்ட நிலைக்கு உரியது. சூத்திரத்தில் இடும் மூன்று எண்களும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் இருந்த பொருளுக்கு உரியவையாக இருக்க வேண்டும். மேசைமேல் குளிர்ந்து கிடக்கும் இழையின் மின்தடையையும் எரியும் பல்புக்குக் கிடைக்கும் 230 வோல்ட்டையும் ஒரே சூத்திரத்தில் சேர்த்ததால்தான் 826 வாட் வந்தது. திறனுக்கு நாம் எழுதும் மற்ற இரு வடிவங்களும், அதாவது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்குவதும், மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுப்பதும், இதே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

ஒப்பிட்டுக் காட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் பெட்டிக்குக் கணக்கின்படி மின்தடை 52.9 ஓம், மின்னோட்டம் 4.35 ஆம்பியர். பிளக்கைப் பிளக் பாயிண்டிலிருந்து முழுவதுமாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அதன் இரு பித்தளை முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் 50 ஓமை ஒட்டிய அளவையே காண்பீர்கள். அதனுள் இருப்பது நிக்ரோம் கம்பி. வெப்பநிலையோடு அதன் மின்தடை மாறும் வீதம் டங்ஸ்டனுடையதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அளக்குமுன் வெப்பக் குமிழை நடுநிலைக்குத் திருப்பி வையுங்கள். அது அணைந்த நிலையில் இருந்தால் உள்ளே தொடர்பு விட்டிருக்கும். மீட்டர் எதையுமே காட்டாது. பல்பில் இரண்டு எண்கள் ஏறத்தாழப் பதினான்கு மடங்கு விலகி நிற்பதையும் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டி வருவதையும் அடுத்தடுத்துக் காட்டினால், "மாறா வெப்பநிலையில்" என்பதற்கு மேற்கொண்டு விளக்கமே தேவைப்படாது.

மறுமொழி 2: பணிமனை

மேலே உள்ள விளக்கத்தை அப்படியே ஏற்கிறேன். அளக்கும் முறையைப் பற்றி மட்டும் சில செய்திகளைச் சேர்க்கிறேன். மாணவர்கள் சூழ்ந்து நிற்கும் மேசையில் இதில் கவனம் வேண்டும்.

வீட்டு மின்சாரத்தில் மின்னோட்டத்தை அளக்கும் சோதனையைத் தயவுசெய்து வகுப்பில் செய்யாதீர்கள். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகிவிட்டு, மறதியில் அதன் முனைகளைப் பிளக் பாயிண்டில் நேராக வைத்துவிட்டால் அது முழுமையான குறுக்குச் சுற்று. மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். மின்னழுத்தத்தை அளக்கும்போது மீட்டரைப் பொருளுக்குப் பக்க இணைப்பாக வைக்கிறோம். மின்னோட்டத்தை அளக்கும்போது சுற்றை அறுத்து, தொடர் இணைப்பாக நடுவில் வைக்கிறோம். இந்த வேறுபாடு கைப்பழக்கமாக ஆகும்வரை 12 வோல்ட்டுக்கு மேல் போக வேண்டாம்.

அதற்கு மிகவும் ஏற்றது, வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. அதுவும் டங்ஸ்டன் இழைதான். கணக்கின்படி மின்னோட்டம் 1.75 ஆம்பியர், எரியும்போது மின்தடை 6.86 ஓம். குளிர்ந்த நிலையில் அளந்தால் அரை ஓமை ஒட்டி வரும். இவ்வளவு சிறிய மின்தடையை அளக்கும்போது மீட்டரின் கம்பிகளுடைய மின்தடையே 0.2, 0.3 ஓம் இருக்கும் என்பதால், முதலில் இரு கம்பிமுனைகளையும் ஒன்றோடொன்று அழுத்தித் தொடவைத்து, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு பல்பில் வரும் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.

வோல்ட்மீட்டரை எங்கே வைப்பது என்பதிலும் கருத்தூன்றுங்கள். அதைப் பேட்டரியின் முனைகளில் வைத்தால், அம்மீட்டரிலும் (மின்னோட்டத்தை அளக்கும் மீட்டர்) இணைப்புக் கம்பிகளிலும் குறைந்துபோகும் மின்னழுத்தமும் பல்பின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே பல்பின் முனைகளிலேயே நேராக வையுங்கள். டிஜிட்டல் மீட்டர்களின் உள்மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் என்பதால், வோல்ட்மீட்டர் தனக்காக எடுக்கும் மின்னோட்டம் 12 வோல்ட்டில் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். இங்கே அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அளக்கப்படும் பொருளே 1 மெகா ஓம் மின்தடையாக இருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். பக்க இணைப்பில் இரண்டும் சேர்ந்து 0.91 மெகா ஓம் போல நடந்துகொள்ளும். அப்போது வோல்ட்மீட்டரை அம்மீட்டருக்கு வெளிப்பக்கம், அதாவது அம்மீட்டரும் பொருளும் சேர்ந்த தொடரின் இரு முனைகளில், வைப்பதே சரி.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் படிக்க இரண்டு மீட்டர்கள் வேண்டும். ஒரே மீட்டரை மாற்றி மாற்றி வைத்தால் இடையில் பேட்டரி இறங்கிவிடும். அம்மீட்டரை எடுத்தவுடன் சுற்றும் மாறிவிடும். நிலையான மின்மூலம் இல்லாதது ஓம் அவர்களையே தொல்லைப்படுத்தியிருக்கிறது. அன்றைய மின்கலங்கள் நிலையாக இல்லாததால், 1826-இல் அவர் ஒரு முனையைப் பனிக்கட்டியிலும் மறுமுனையைக் கொதிநீரிலும் வைத்த வெப்ப மின்னிரட்டையையே (வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் இரு உலோக இணைப்பு) மின்மூலமாகப் பயன்படுத்தி, அதன் பிறகே தம் அளவுகளை நம்பத்தக்கவையாக்கினார்.

அறிவியல் ஆசிரியை

இரு ஐயாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. இண்டிகேட்டர் பல்பை வாங்கி, 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைக் கொண்டு மாணவர்களோடு அளந்தோம். குளிர்ந்த நிலையில், கம்பிகளின் மின்தடையைக் கழித்தபின் 0.5 ஓம் வந்தது. ஒரே ஒரு டார்ச் மின்கலத்தில் 1.3 வோல்ட், 0.52 ஆம்பியர், ஆகவே 2.5 ஓம், 0.68 வாட். ஒரு பேட்டரியில் 6.1 வோல்ட், 1.21 ஆம்பியர், 5.04 ஓம், 7.4 வாட். இரண்டையும் தொடராக இணைத்தபோது 12.2 வோல்ட், 1.77 ஆம்பியர், 6.89 ஓம், 21.6 வாட். மின்னழுத்தம் சரியாக இரு மடங்கானபோது மின்னோட்டம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. திறன் நான்கு மடங்காகாமல் மூன்று மடங்குக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. டார்ச் மின்கலத்தில் இழை ஒளிரவே இல்லை, ஆயினும் மின்தடை ஐந்து மடங்காகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத சூடு என்று சொன்னபோது மாணவர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது அவர்களே இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரு சூத்திரத்தில் மின்தடை கூடினால் திறன் கூடுகிறது. இன்னொன்றில் மின்தடை கூடினால் திறன் குறைகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? அடுத்து, மின்விசிறிக்கும் டியூப் லைட்டுக்கும் இதே கணக்கைப் போடலாமா?

மறுமொழி 3: மின்னிழை

உங்கள் அளவுகள் மிக அழகாக வந்திருக்கின்றன. அவற்றை வரைபடத்தாளில் குறித்து, வளைந்து படுக்கும் அந்தக் கோட்டை மாணவர்களே வரையட்டும்.

முதல் கேள்விக்கு விடை, எது மாறாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டில் எல்லாக் கருவிகளும் பக்க இணைப்பில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் அதே 230 வோல்ட்தான் கிடைக்கிறது. மின்னழுத்தம் பொதுவாக இருக்கும் அந்த நிலையில், மின்தடை குறைந்த கருவியே அதிகத் திறனை எடுக்கும். அதனால்தான் 1500 வாட் ஹீட்டருக்கு 35 ஓமும் 60 வாட் பல்புக்கு 882 ஓமும் வருகின்றன. ஆனால் ஒரே மின்னோட்டம் வரிசையாகப் பாய்ந்து செல்லும் பகுதிகளை ஒப்பிடும்போது, மின்தடை மிகுந்த இடமே அதிகம் சூடாகும்.

அதே ஹீட்டரின் பிளக் சற்றுத் தளர்ந்து, தொடும் இடத்தில் அரை ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் எடுக்கும் 6.5 ஆம்பியரின் இருமடியை அரையால் பெருக்கினால் 21 வாட். ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயர்னின் சூடு முழுவதும் அந்தச் சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபடுகிறது. ஹீட்டர் வழக்கம்போல் வேலை செய்துகொண்டேயிருக்கும். பிளக் மட்டும் பழுத்துக் கருகும். மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப வெப்பம் பிறக்கிறது என்று 1841-இல் ஜூல் காட்டிய உண்மையை இதைவிட நெருக்கமாகக் காட்டும் சான்று வீட்டில் வேறில்லை. கருகிய பிளக் ஒன்று கிடைத்தால் வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

மறுமொழி 4: பணிமனை

இரண்டாம் கேள்விக்கு: மின்விசிறிக்கும் சோக் பொருத்திய டியூப் லைட்டுக்கும் இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

விசிறியின் சுருளில் மல்டிமீட்டரை வைத்தால் கிடைப்பது செப்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. 200 ஓம் காட்டுவதாகக் கொண்டால், 230-இன் இருமடியை 200-ஆல் வகுத்து 264 வாட் என்று வரும். விசிறியோ 75 வாட் அளவில்தான் எடுக்கிறது. சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதன் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருப்பதால், மின்னோட்டத்தை எதிர்க்கும் இன்னொரு விளைவு மின்தடையோடு சேர்ந்துகொள்கிறது; இரண்டும் சேர்ந்ததை இம்பிடன்ஸ் என்கிறோம். 230 வோல்ட்டை அளந்த மின்னோட்டத்தால் வகுத்தால் நமக்குக் கிடைப்பது அந்த இம்பிடன்ஸ்தான், மின்தடை அன்று.

திறனிலும் அதே சிக்கல். பழைய 40 வாட் டியூப் லைட்டில், செப்புச் சோக்குடன், ஏறக்குறைய 0.43 ஆம்பியர் பாயும். 230-ஆல் பெருக்கினால் 99 வருகிறது. ஆனால் டியூபுக்கு 40 வாட், சோக்கில் வெப்பமாகப் போவது 12 முதல் 14 வாட் என்று மொத்தம் 54 வாட்டை ஒட்டியே உண்மையில் செலவாகிறது. மின்னோட்டத்தின் அலை மின்னழுத்தத்தின் அலையைவிடப் பின்தங்கி வருவதால், ஒவ்வொரு சுழற்சியிலும் சோக் எடுத்துக்கொண்ட ஆற்றலில் ஒரு பங்கை மின்கம்பிக்கே திருப்பித் தருகிறது. 54-ஐ 99-ஆல் வகுத்து வரும் 0.55 என்ற எண்ணைத்தான் பவர் ஃபேக்டர் என்கிறோம். குண்டு பல்பிலும் இஸ்திரிப் பெட்டியிலும் அது 1 என்பதால்தான் எளிய பெருக்கல் அங்கே செல்லுபடியாகிறது. எல்.இ.டி. பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். உள்ளே டிரைவர் சுற்று இருப்பதால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

மாணவர்கள் வீட்டில் எதையும் கழற்றாமல் உண்மையான திறனைக் காண ஒரு வழி இருக்கிறது. டிஜிட்டல் மின்மீட்டரின் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது அருகிலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது, அதாவது 36 லட்சம் ஜூல். அதை 3200-ஆல் வகுத்தால் ஒரு மின்னலுக்கு 1125 ஜூல். ஆகவே வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு கருவியை மட்டும் ஓடவிட்டு, அடுத்தடுத்த இரு மின்னல்களுக்கு இடையே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 75 வாட் விசிறிக்கு 15 விநாடி ஆகும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதல். பெட்டி வேகமாக மின்னுவதால் பத்து மின்னல்களுக்கான நேரத்தை எடுத்துப் பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். மீட்டரில் வேறு எண் அச்சிட்டிருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் உண்மையான வாட்டையே கணக்கிடுவதால் பவர் ஃபேக்டரைப் பற்றி மாணவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியை மட்டும் அளவெடுக்கும் நேரத்தில் அணைக்க மறந்துவிடாமல், முடிந்ததும் மீண்டும் போடச் சொல்லுங்கள்.